எட்டாவது மாதத்தில் வரும் கேள்வி

சென்னையின் தெற்குப் புறநகரில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே சிறிய கால்நடை மருத்துவமனை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஊர் எந்தப் படத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது என்பதை, தடுப்பூசி அட்டையில் எழுதச் சொல்லும் பெயர்களை வைத்தே என் உதவியாளர் சொல்லிவிடுவார். 2022 ஜூன் 10 அன்று, சார்லி என்ற லாப்ரடார் நாயின் கதையைச் சொல்லும் '777 சார்லி' என்ற கன்னடப் படம் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வெளியானது. அதற்குப் பிந்தைய மாதங்களில் சார்லி என்ற பெயரோடு எங்களிடம் வந்த லாப்ரடார் குட்டிகளை எண்ணுவதற்கு இரண்டு கை விரல்களும் போதவில்லை. ஆணா பெண்ணா, கறுப்பா வெளிர்மஞ்சளா என்பதெல்லாம் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவற்றுள் ஒரு குட்டி என் நினைவை விட்டு இன்னும் நீங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆப்பிள் அட்டைப்பெட்டியில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் குட்டியை வைத்துக்கொண்டு, அப்பா, அம்மா, ஒன்பது வயது மகன் ஆகிய மூவரும் வந்தார்கள். முந்தைய வாரம் படம் பார்த்திருக்கிறார்கள். மகன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கைப்பேசியில் தேடி, ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டார்கள். இரண்டு மாதக் குட்டி என்று விற்றவர் சொல்லியிருந்தார். வாயைத் திறந்து பார்த்தேன். எட்டு வாரம் நிறைந்த குட்டிக்கு 28 பால் பற்களும் ஏறக்குறைய முளைத்திருக்கும். இதற்கோ கோரைப்பற்கள் மட்டும் வெளியே வந்திருக்க, முன்பற்கள் ஈறைக் கிழித்துக்கொண்டு அப்போதுதான் எட்டிப்பார்த்தன. வயது ஐந்து வாரத்துக்கு மேல் இராது. வயிறு குடற்புழுவால் பானைபோல உப்பியிருந்தது. கொடுத்தனுப்பியிருந்த தடுப்பூசிப் புத்தகத்தில் ஒரு மருந்துப்புட்டியின் லேபிள் ஒட்டப்பட்டிருந்தது; ஊசி போட்ட மருத்துவரின் கையெழுத்தோ, பதிவு எண்ணோ, தேதியோ எதுவும் இல்லை.

எட்டு வாரம் நிறையாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்றும், குட்டி ஈன வைத்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. அந்த விதிகளைப் பற்றி அந்தக் குடும்பம் கேள்விப்பட்டிருக்கவில்லை. எட்டு வாரம் என்ற கணக்கு வெறும் எண்ணும் அன்று. தாயோடும் கூடப் பிறந்தவையோடும் இருக்கும் அந்த நாள்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. தாயிடமிருந்து முன்னதாகவே பிரிக்கப்பட்ட குட்டி, அந்தப் பாடத்தை வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கிறது.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொடுமைக்கார வளர்ப்பாளர் ஒருவரிடமிருந்து தப்பி வரும் நாயின் கதை அது. காசுக்காக நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணைசேர்த்துக் குட்டி எடுப்பதால் வரும் நோயைத்தான் அது அழுத்திச் சொல்கிறது. படம் பார்த்தவர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. அந்த அம்மாவே என்னிடம் அந்தக் காட்சியைச் சொல்லிக் கண் கலங்கினார். ஆனாலும், கண்ணீர் காய்வதற்குள் அவர்கள் போய் நின்றது, படம் யாரைக் குற்றம் சாட்டியதோ அத்தகைய ஒருவரின் வாசலில்தான். நாய் வாங்க வேண்டுமென்றால் ஒரு காலத்தில் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும், யார் வீட்டிலாவது நாய் குட்டி போடும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே பாதி ஆசைகள் தாமாக வடிந்துவிடும். மீதிப் பாதி உறுதிப்படும். இன்று ஆசைக்கும் வாங்குவதற்கும் இடையில் ஒரு இரவுகூட இருப்பதில்லை. நல்ல எண்ணத்தோடு எடுக்கப்பட்ட படமும் இந்த இடைவெளியற்ற சந்தைக்குள் வந்து விழும்போது, விற்பவருக்குக் காசில்லாத விளம்பரமாகிவிடுகிறது.

அந்தக் குட்டியை மூன்றாம் நாளே, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரத்தமாகப் போனது. ஆறு நாள் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினோம். அந்த அப்பா அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, என் மருத்துவமனையின் தரையில் அமர்ந்து, குட்டியின் முன்னங்காலில் ஊசி விலகாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அவரை இரக்கமற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

எட்டாவது மாதத்தில் அவர் தனியாக வந்தார். சார்லி அப்போது 27 கிலோ. நான்காம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பாட்டி மட்டும் இருப்பார். நாய் சோபாவைப் பிய்த்துப்போட்டுவிட்டது, செருப்பு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை, ஆசையாகத் தாவியதில் பாட்டி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது, குரைப்பதாகக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இவற்றையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, “டாக்டரம்மா, இதை யாராவது எடுத்துப்பாங்களா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி பெரும்பாலும் எட்டாவது மாதத்தையொட்டித்தான் வருகிறது. லாப்ரடார் இனம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு நீரில் இறங்கி வேலை செய்த நாய்களின் வழித்தோன்றல். பிறகு, சுடப்பட்ட நீர்ப்பறவைகளை வாயால் கவ்விக்கொண்டு வருவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. நாள் முழுக்க ஓடவும், எதையாவது வாயில் கவ்வவும் அதன் உடம்பு கேட்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் உடல் பெரிய நாயாகிவிடும். அறிவோ இன்னும் ஓரிரு ஆண்டுகளுக்குப் பிள்ளைப் பருவத்திலேயே இருக்கும். இந்தக் காலத்தைத்தான் திரைப்படம் ஒரு பாட்டுக்குள் கடத்திவிடுகிறது. நாம் திரையில் பார்க்கும் நாய் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றது. கேமராவுக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் தீனியோடு நின்றுகொண்டிருப்பார். சரியாக அமைந்த சில நொடிகள் மட்டுமே நம் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. மழைநாளில் காலை ஐந்தரைக்கு நான்கு மாடி இறங்கி, ஒரு கையில் குடையும் மறு கையில் மலம் அள்ளும் பையுமாக நிற்பதை எந்தப் படமும் நீட்டிக் காட்ட முடியாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. 1996இல் டால்மேஷியன் நாய்களைக் கொண்ட டிஸ்னியின் படம் வெளியான மறு ஆண்டே, அமெரிக்கக் காப்பகங்களில் அந்தப் புள்ளிநாய்கள் வந்து குவிகின்றன என்று அங்குள்ள நாளிதழ்கள் எழுதின. ஓயாமல் ஓடும் துடிப்பு கொண்ட அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் அதிகம். படத்தில் சிரித்து மகிழ்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. நாய்கள் இடம்பெற்ற 87 திரைப்படங்களை, இனவாரியாக நாய்களைப் பதிவு செய்யும் அமெரிக்க கென்னல் கிளப்பின் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. ஒரு படம் ஓர் இனத்தின் மீது ஏற்றிவிடும் மோகம் பத்தாண்டுகள் வரையிலும்கூட நீடிக்கக்கூடும் என்று அது காட்டியது. படம் திரையரங்கை விட்டுப் போன பிறகும் குட்டிகள் ஏன் வந்துகொண்டே இருக்கின்றன என்று திகைத்திருந்த எனக்கு, அந்த ஆய்வைப் படித்தபோது விளங்கியது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் வரும் ஓநாய்களைப் பார்த்துவிட்டு, அவற்றைப் போலவே தோன்றும் ஹஸ்கி நாய்களை வாங்குவதும் கைவிடுவதும் பெருகியதால், அதில் நடித்த பீட்டர் டிங்க்லேஜே 2017இல் அவ்வாறு வாங்க வேண்டாமென்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்.

அந்த ஹஸ்கிகள் என் மேசைக்கும் வந்தன. சைபீரியாவின் உறைபனியில் சுக்சி மக்களோடு சறுக்குவண்டி இழுத்த இனம் அது. அடியில் பஞ்சுபோன்ற உள்மயிரும் மேலே நீண்ட முடியுமாக இரட்டைப் போர்வையோடு பிறக்கிறது. மே மாத நண்பகலில் மின்சாரம் நின்று, ஏசி அணைந்த இரண்டு மணி நேரத்தில் வெப்ப மயக்கம் வந்து, உடல்வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஒரு ஹஸ்கியை ஈரத்துணியும் மின்விசிறியுமாகப் போராடிப் பார்த்தும் எங்களால் மீட்க முடியவில்லை. அதற்கும் முன்பு, நான் பணியைத் தொடங்கிய காலத்தில், கைப்பேசி நிறுவன விளம்பரம் ஒன்றால் வீடுதோறும் பக் நாய் வந்திருந்தது. சப்பை மூக்கு, ஒடுங்கிய மூக்குத்துளை, நீண்டு தொங்கும் மேலண்ணம் என்று மூச்சு விடுவதற்கே திணறும் அந்த நாய்களின் குறட்டையைச் செல்லமாகக் கருதி, வீடியோ எடுத்து என்னிடம் காட்டினார்கள்.

மறுபடியும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். சார்லியின் அப்பாவுக்குப் பல ஆண்டுகள் முன்பு, வேறொருவர் இதே கேள்வியை என்னிடம் கேட்டார். அப்போது எனக்கு வயது குறைவு, கோபம் அதிகம். காத்திருப்பு இருக்கைகளில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, பெற்ற பிள்ளையை இப்படி யாரிடமாவது கொடுப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, நாயும் வரவில்லை. சில மாதங்கள் கழித்து, ஏரிக்கரையில் கிடந்ததாகத் துப்புரவுப் பணியாளர்கள் ஒரு நாயைத் தூக்கி வந்தார்கள். அந்த நாய் இல்லை, வேறு லாப்ரடார். கருத்தடை செய்யப்பட்ட தெருநாய்க்கு இருக்கும் காது வெட்டு இல்லை. கழுத்தைச் சுற்றிப் பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்து ஒரு வளையம் மட்டும் இருந்தது. அந்தத் தெருவின் நாய்கள் தங்கள் எல்லைக்குள் விடாமல் கடித்த கடி, தொடையில் சீழ் பிடித்திருந்தது. உதவியாளர் “சிட்” என்றதும், அந்தத் தொடையோடு அது உட்கார்ந்தது. கேட்காமலேயே முன்னங்காலைக் கைகொடுப்பதுபோல நீட்டியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் விரட்டியவரின் நாயும் இப்படி ஏதோ ஒரு கரையில் யாரிடமோ காலை நீட்டிக்கொண்டிருக்குமோ என்ற எண்ணம் என்னை விடவில்லை.

கைவிடுவது சட்டப்படி குற்றம். ஆனால் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் அபராதம். ஒரு வேளை நாய்த்தீனிக்கும் கீழான தொகை. இந்த அபராதத்துக்கு அஞ்சி யாரும் இரவில் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தால்தான் போகிறார்கள். கேட்பதற்கு ஓர் இடமும், கடிந்துகொள்ளாமல் காதுகொடுக்க ஓர் ஆளும் இருந்தால், பாதி நாய்களாவது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு முறையாகப் போய்ச் சேரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே, சார்லியின் அப்பாவை உட்கார வைத்து, காபி வரவழைத்து, ஒரு மணி நேரம் பேசினேன். கருத்தடை செய்தோம், காலையும் மாலையும் ஓடவைக்கத் தெருவில் ஓர் இளைஞரை ஏற்பாடு செய்தோம், நான்கு மாதம் பார்த்தும் பாட்டிக்குப் பயம் போகவில்லை என்றதும், செங்கல்பட்டுக்கு அப்பால் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, வீடு பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினோம். வண்டியில் ஏற்றும்போது அந்தச் சிறுவன் அழுத அழுகையைச் சொல்ல மாட்டேன்.

இப்போது மருத்துவமனையின் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன்: நாய் வாங்குவதற்கு முன் வந்து பேசுங்கள், கட்டணம் இல்லை. சென்ற ஆண்டு, ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாய் வேண்டும் என்று அடம்பிடித்த மகளை அழைத்துக்கொண்டு ஓர் அப்பா அந்தப் பலகையைப் படித்து உள்ளே வந்தார். எங்களிடம் தத்துக்குக் காத்திருந்த லாப்ரடார் ஒன்றை, நான்கு ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்து நடத்திச் செல்லுங்கள், அதன் பிறகு பேசுவோம் என்றேன். முதல் ஞாயிறு அந்தச் சிறுமி ஓடி வந்தாள். இரண்டாம் ஞாயிறு கொட்டாவி விட்டபடியே வந்தாள். மூன்றாம் ஞாயிறு அப்பா மட்டும் வந்து, நாயை நடத்திவிட்டு, கயிற்றை என் கையில் கொடுத்து, “இப்ப வேணாம் டாக்டரம்மா, எங்களால முடியாது” என்றார். நான் மனமார அவருக்கு நன்றி சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அந்த நாயை, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி வந்து அழைத்துச் சென்றார்கள்.