எந்த எச்சரிக்கையை அடக்கலாம்?

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கூட்டுறவுச் சங்கங்களின் நெற்கொள்வனவுக் கணக்குகளை ஒன்றுசேர்க்கும் டேட்டாஸ்டேஜ் (தரவுகளைத் திரட்டி மாற்றிச் சேர்க்கும் மென்பொருள்) பணியொன்றை நான் பராமரித்து வருகிறேன். அதன் பதிவேட்டை நிரப்பும் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை, முழு எண்ணைத் தசம எண்ணாக மாற்றியதைச் சொல்லும் வெறும் புலம்பல்கள். இத்தகையவற்றைச் செய்திக் கையாளி (பதிவேட்டுச் செய்திகளின் நிலையை மாற்றும் விதித் தொகுப்பு) வழியாகத் தகவல் நிலைக்கு இறக்கிவிடலாம். முற்றாக மறைக்கவும், தகவலொன்றை எச்சரிக்கையாக உயர்த்தவும் அதில் வழியுண்டு, ஆனால் பணியையே நிறுத்தும் பிழைகளை அது தொடாது.

மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தரவு துண்டிக்கப்படலாம் என்ற எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் தமிழ்க் குறியீடு (எழுத்தும், அதனுடன் வரும் கால், கொம்பு, புள்ளி போன்றவையும்) ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால், 'புதுக்குடியிருப்பு' 18 குறியீடுகளாகப் பிரிந்து 54 பைட் கேட்கிறது. ஊர்ப் பெயருக்கு 50 பைட் மட்டும் ஒதுக்கிய அட்டவணை நிரலில் அது 'புதுக்குடியிருப்' என்று வாலறுந்து, பின்னால் ஓர் அரைகுறைக் குறியீட்டையும் இழுத்துக்கொண்டு விழும். 'மாங்குளம்' 27 பைட்டுடன் தப்பிவிடும் என்பதால் மாதிரித் தரவில் எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த கட்டத்தில் ஊர்ப் பெயரை வைத்து இணைக்கும்போதோ, அந்தச் சங்கத்தின் நெல் மட்டும் கூட்டுத்தொகையில் வராது.

கையாளியைப் பணிகள் பல அடங்கிய திட்டம் முழுவதற்கும் பொருத்தாமல், அந்தந்தப் பணிக்கே பொருத்துவதுதான் என் வழக்கம்.