காலியில் கடல் முதலில், கோட்டை கடைசியில்

இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள காலி நகருக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கோட்டையைச் சுற்றிவிட்டு, ஸ்கூபா டைவிங்கைக் கடைசி நாளுக்குத் தள்ளுவார்கள். அதைத் தலைகீழாக்குங்கள். அடுத்தடுத்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரமாவது வேண்டும். இல்லாவிட்டால் காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் அது உடம்புக்குள் குமிழியாகிவிடும். பலர் மறப்பது மலையை. படகிலிருந்து இறங்கிய கையோடு வேன் பிடித்து 1,868 மீட்டர் உயர நுவரெலியாவுக்கு ஏறினாலும் அதே ஆபத்துதான்.

தென்மேற்குக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் டைவுக்கு ஏற்ற காலம். மே மாதத்தோடு பருவக்காற்று கடலைக் கலக்கிவிடும். அப்போது திருகோணமலைப் பக்கம் போகலாம். சீசனிலும் பெருமழைக்கு மறுநாள் வேண்டாம். கிந்தோட்டையில் கடலில் சேரும் கிங் கங்கை சேற்றைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும்.

பக்கத்துக் கடற்கரையான உனவட்டுனவிலிருந்து டைவுக்கு அழைத்துப்போகும் இடங்களில் பேர்பெற்றது ரங்கூன், 19ஆம் நூற்றாண்டு நீராவிக் கப்பல். சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழுக்கு வரம்பு 18 மீட்டர் என்பதால் இதற்கு அடுத்த படியான அட்வான்ஸ்டு வேண்டும். காற்றுக் கணக்கைக் கரையிலேயே போட்டுவிடுங்கள். கடல்மட்டத்தில் அழுத்தம் சுமார் 1 பார், 30 மீட்டரில் 4 பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுப்பவர் அங்கே 80 லிட்டர் இழுப்பார். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால், 50 பாரை இருப்பாக விட்டு, கையில் 1,650 லிட்டர்: 20 நிமிடம். ஏறி வருவதற்கும் அதிலிருந்துதான் காற்று. எனவே 15 நிமிடத்தைத் தாண்டிக் கீழே இருக்காதீர்கள். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டர், பிறகு 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும்.

அந்த 5 மீட்டரில்தான் சிலர் பலூன் போல மேலே போய்விடுகிறார்கள். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கப் பார்க்கும். மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடையை நிறை சிலிண்டரோடு சரிபார்த்ததுதான் தப்பு. 50 பாரிலும் மூழ்கி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நீச்சல்குளத்தில் பழகியவர்களுக்கு உப்புநீரில் இரண்டு கிலோவாவது கூடுதலாகத் தேவைப்படும்.

காலையில் டைவ் முடிந்துவிடும். கோட்டையை மாலை நான்கு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மதில்மேல் நிழலே கிடையாது. 1873இல் பிரித்தானியர் திறந்த பெரிய வாசலை விட்டுவிட்டு, துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலைத் தேடுங்கள். வெளியே பிரித்தானிய முத்திரை. உள்ளே திரும்பிப் பார்த்தால் 1669, சிங்கங்கள், மேலே சேவல், நடுவில் வி.ஓ.சி. நம்ம கப்பலோட்டிய வ.உ.சி. அல்ல, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி! 1755இல் முடிந்த டச்சுத் தேவாலயத்தில் காலடியில் கல்லறைக் கற்கள். 1904இல் கட்டிய மீரான் பள்ளிவாசலைத் தூரத்தில் பார்ப்பவர்கள் தேவாலயம் என்றே நினைப்பார்கள். பக்கத்தில் 1939இன் கலங்கரை விளக்கம். கொடிப்பாறைக் கொத்தளத்திலிருந்து கடலில் குதிப்பவர்களைப் பார்த்து நீங்களும் குதிக்காதீர்கள். அவர்களுக்குப் பாறை எங்கே என்று தெரியும்.

தமிழர்கள் காலியில் தேடி ஏமாறுவது சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே நிறுத்திய, 1409 எனத் தேதியிட்ட மும்மொழிக் கல்வெட்டை. சீனம், பாரசீகத்தோடு தமிழும் அதில் உண்டு. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் செய்த காணிக்கையைச் சொல்கிறது. 1911இல் காலியில் கிடைத்த கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் போகும் வழிதான்; 18 மணி நேரத்தில் இரண்டை அங்கே கழிக்கலாம்.