ஐம்பது வெள்ளி நோட்டில் கருவாடு

ஊருக்குத் திரும்பி மூன்று நாள்தான் ஆகிறது. பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. சிங்கப்பூரில் ஐந்து நாள் இருந்தேன். சிங்கமீன் சிலை, விலங்குப் பூங்கா எல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று, அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சாயங்காலத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

திருச்சியில் பணம் மாற்றியபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் ஐம்பது டாலர் நோட்டுகள். அங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். விமானத்தில் பொழுது போகாமல் ஒரு நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக். பின்பக்கம் கொடியில் தொங்கும் இரண்டு குரங்குகள். பக்கத்திலேயே பெண்கள் மீன் காயவைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருவாடு! அம்மாவின் ஊர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவனுக்குப் பணத்தாளில் கருவாட்டைப் பார்த்தால் எப்படி இருக்கும்? இன்னும் உற்றுப் பார்த்தால் ஓரமாக நான்கு வாத்தியங்கள்: வயலின், சீனர்களின் பிபா, மலாய்க்காரர்களின் கொம்பாங் பறை, அப்புறம் நம் வீணை. அந்த ஒரு நோட்டை மட்டும் செலவு செய்யாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நோட்டில் இருக்கும் அந்தக் கருவாட்டுப் படம் ஓர் ஓவியத்தின் நகல். மூல ஓவியம் இருக்கும் இடம் சிங்கப்பூர் நேஷனல் கேலரி. தென்கிழக்கு ஆசிய நவீன ஓவியங்களுக்கென்றே உள்ள பெரிய கூடம். ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் எஸ்பிளனேட் என்ற கலையரங்கம், அங்கே வெளியரங்கில் இலவசக் கச்சேரி. திட்டம் என்னவோ பிரமாதம்தான். கெடுத்தது பேருந்து.

பேருந்தைக் குறை சொல்ல முடியாது, தப்பு என்னுடையது. நான் தங்கியிருந்தது லாவண்டர் பக்கம் ஒரு விடுதியில், எட்டுப் பேர் அறையில் மேல் கட்டில். மதியம் மூன்று மணிக்குக் கிளம்பிச் சாலையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பார்க்காமல் வந்த வண்டியில் ஏறிவிட்டேன். குளிர்சாதனம் சுகமாக இருந்தது. கண்ணை மூடித் திறந்தால் கேலாங். ஜன்னல் வழியே வரிசையாக டுரியான் பழக்கடைகள். பதறி இறங்கினேன். இறங்கும்போது அட்டையை மறுபடி தட்ட வேண்டும் என்பது மறந்தே போயிற்று. அங்கே ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. இறங்கும்போது தட்டாவிட்டால் அந்த வண்டி கடைசி நிறுத்தம் வரை போவதற்கான கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். எப்படியும் ஒரு வெள்ளிக்கு மேல் வீண். 65 ரூபாய்! ஊரில் 65 ரூபாய்க்கு நான் இப்படி வருத்தப்பட்டதே இல்லை. வெளிநாட்டில் மட்டும் ஒவ்வொரு காசுக்கும் மனசுக்குள் ஒரு பெருக்கல் வாய்ப்பாடு ஓடுகிறது.

கேலரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். உள்ளூர்க்காரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம், நம்மைப் போன்றவர்களுக்கு 20 வெள்ளி. 1,300 ரூபாய்க்குக் குறையாது. வரிசையில் நிற்கும்போதே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது, மறைக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு 1,300 ரூபாய் என்றால் நிமிடத்துக்குப் பத்து ரூபாய்க்கு மேல். அட்டையை நீட்டிவிட்டேன். ஐம்பது வெள்ளி நோட்டைத் தொடவில்லை.

கேலரி என்பது உண்மையில் இரண்டு பழைய கட்டடங்கள். ஒன்று 1929-இல் முடிந்த நகர மண்டபம், மற்றது 1939-இல் திறந்த உச்ச நீதிமன்றம். நடுவில் கண்ணாடிக் கூரை போட்டு இணைத்து 2015-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். நீதிமன்றப் பக்கத்தில் கைதிகளை வைத்திருந்த சின்ன அறைகளைக்கூட அப்படியே விட்டிருக்கிறார்கள். 1945-இல் ஜப்பானியர்கள் சரணடைந்து கையெழுத்துப் போட்டது நகர மண்டபத்தில். நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. எதிரே இருக்கும் பாடாங் திடலில்தான் 1943 ஜூலை 5-ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றார். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் எவ்வளவு பேர்!

நேரே கருவாட்டைத் தேடிப் போகாமல் வழி தவறி நீதிமன்றப் பக்கம் நுழைந்ததில் ஒரு நன்மை. ராடன் சாலே என்ற ஜாவாக்காரர் 1849-இல் வரைந்த காட்டுத்தீ ஓவியம் அங்கே இருக்கிறது. மூன்று மீட்டர் உயரம், நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அகலம். தீ துரத்தப் புலியும் மானும் பகையை மறந்து மலை விளிம்புக்கு ஓடி வருகின்றன, அதற்கு மேல் போக இடமில்லை. முன்னால் நின்றால் நாமும் ஒரு அடி பின்னால் வைக்கிறோம். இதற்கு மட்டும் பத்து வெள்ளி கொடுக்கலாம் என்று கணக்கை எழுதிக்கொண்டேன். அடுத்தடுத்த அறைகளில் சில படங்கள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எதிரே நின்று தாடையைத் தடவிக்கொண்டிருந்தவருக்குச் சொல்லியிருக்கலாம்.

கருவாடு மறுபக்கம், நகர மண்டபத்தில். வரைந்தவர் சியோங் சூ பியெங், ஆண்டு 1978. துணியில் மையும் வண்ணமும். நோட்டில் கட்டைவிரல் அளவுக்குப் பார்த்ததை நேரில் பார்த்தால் பிரம்மாண்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், அகலம் இரண்டு முழம் இருந்தால் அதிகம். ஆனால் என்ன அமைதி! நீண்ட கைகள், நீண்ட கழுத்து, பாதாம் பருப்பு மாதிரி கண்கள். அம்மாவும் பெரியம்மாவும் மணலில் மீன் பரப்பும்போது காக்காயை விரட்டி, நாயை விரட்டி, நடுவில் எங்களையும் விரட்டி ஒரே கூச்சலாக இருக்கும். இந்தப் பெண்களுக்கு அந்த அவசரமே இல்லை. காக்காயும் இல்லை. இவரும் இவரைப் போலச் சீனாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் தங்கிவிட்ட ஓவியர்களும் 1952-இல் நாலு பேராகப் பாலித் தீவுக்குப் போய் வந்த பிறகு இப்படி ஒரு பாணியைப் பிடித்தார்களாம். தென்கடல் என்ற பொருளில் நன்யாங் பாணி என்கிறார்கள். நோட்டுக் குரங்குகளை வரைந்த சென் வென் சியும் அந்த நால்வரில் ஒருவர்.

நோட்டை வெளியே எடுத்து ஓவியத்துக்கு நேராகப் பிடித்து ஒப்பிட்டேன். காவலுக்கு இருந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அதே காரியத்தை எத்தனை பேர் செய்வதைப் பார்த்திருப்பாரோ. அந்தப் பரவசத்தில் ஓவியத்தைப் படம் எடுக்கவே மறந்துவிட்டேன். பின்னால் இது பிரச்சினை ஆகும்.

அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்தியது கருவாடு இல்லை என்பதுதான் வேடிக்கை. சுவா மியா டீ 1959-இல் வரைந்த தேசிய மொழி வகுப்பு. வட்ட மேசையைச் சுற்றிப் பலவகை முகங்கள். கரும்பலகை அருகே மலாய் ஆசிரியர். சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த ஆண்டு அது, மலாய்தான் தேசிய மொழி, எல்லோரும் உட்கார்ந்து படிக்கிறார்கள். பலகையில் இரண்டே கேள்வி. "சியாப்பா நாமா காமு?" உன் பெயர் என்ன? "டிமானா அவாக் திங்கால்?" நீ எங்கே குடியிருக்கிறாய்? லீ குவான் இயூ அதே ஆண்டு பிரதமராகப் பதவியேற்ற கட்டடத்திலேயே இந்த ஓவியம் தொங்குகிறது. வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நாமா என்பது நம் நாமம்தானே!

ஏழு மணிக்கு வெளியே வந்தபோது பாடாங் புல்வெளிக்கு மேல் வானம் பழுத்துக் கிடந்தது. எஸ்பிளனேட் பூங்கா வழியாக நடந்தேன். இந்திய தேசிய ராணுவத்துக்கு போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுத்தூண் இங்கேதான் இருந்தது. ஆங்கிலேயர்கள் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995-இல் வைத்த ஒரு நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது. பெரும்பாலோர் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

எஸ்பிளனேட் அரங்கம் திறந்தது 2002-இல். மேலெல்லாம் முக்கோண அலுமினியத் தகடுகள் முள் முள்ளாக நிற்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் டுரியான். மதியம் கேலாங்கில் நிஜ டுரியானைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன், பெயர் சரிதான். வாசனைதான் இல்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. பக்கத்தில் ஒரு கடையில் சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, பத்துக் குச்சிக்கு 12 வெள்ளி கேட்டார்கள். கடற்கரைக் காற்றுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள் போல. குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடித்துவிட்டு அரங்கத்தின் கல்படியில் போய் உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், நோட்டில் பார்த்த வீணை மனதில் இருந்தது. ஏதாவது நம்ம கச்சேரியாக இருக்காதா என்று ஒரு நப்பாசை. மேடையில் வந்து நின்றது இரண்டு கித்தார், ஒரு கீபோர்டு, மூன்று பாடகர்கள். எல்லாம் சீனப் பாட்டு. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது பக்கத்தில் யாரோ கூடவே பாடுவது கேட்டது. திரும்பினால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அக்கா. பருத்திச் சேலை, மடியில் டிபன் டப்பா, கண்ணை மூடிக்கொண்டு சீன மொழியில் பாடுகிறார்!

பாட்டு முடிந்ததும் நான் வாயைப் பிளந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?" என்றார். நாகப்பட்டினம் என்றேன். இந்தப் பாட்டுக்குச் சின்யாவ் என்று பேராம். எண்பதுகளின் தொடக்கத்தில் சீனப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, கித்தாரை வைத்துக்கொண்டு பாடியது. "எங்க புளோக்குல அடுத்த வீட்டுப் பொண்ணு மாடிப்படியில உக்காந்து தினம் இதைத்தான் பாடும். அர்த்தம் எனக்குப் பாதிதான் தெரியும். ஆனா ஒரு வரி விடாம வரும்."

டப்பாவைத் திறந்து ஒரு கறிபாப் கொடுத்தார். உருளைக்கிழங்கும் கோழியும் வைத்து மடித்துப் பொரித்தது, இன்னும் சூடு ஆறவில்லை. ஐந்து நாளில் சிங்கப்பூரில் நான் சாப்பிட்டதிலேயே இதுதான் முதலிடம். ஓரத்தை அவர் கையாலேயே முறுக்கு மாதிரி மடித்திருந்தார், கடித்தால் அந்த ஓரம் நொறுங்கி உள்ளேயிருந்து மசாலா ஆவி வந்தது. இரண்டாவது வேண்டாம் என்று ஒரு முறைதான் சொன்னேன்.

"சியாப்பா நாமா காமு?" என்று கேட்டேன். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மலாய் எப்பப் படிச்சீங்க?" இப்போதுதான், ஒரு மணி நேரத்துக்கு முன்னால், ஒரு ஓவியத்தில் என்றேன். பெரியவர்களிடம் காமு என்று கேட்கக் கூடாது என்று திருத்தினார். அதாவது நான் அவரை நீ என்று கூப்பிட்டிருக்கிறேன். 20 வெள்ளி கொடுத்துப் படித்ததில் இந்தப் பாடம் சேர்த்தியில்லை.

எட்டு மணிக்கு எதிர்க்கரையில் பெரிய ஓட்டலின் லேசர் ஒளிக்காட்சி ஆரம்பித்தது. பாதிக் கூட்டம் மேடையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனைத் தூக்கியது. எனக்கு எரிச்சலாக வந்தது. பாடிய பையன்கள் கண்டுகொள்ளாமல் பாடினார்கள். ஒலி அமைப்பு அருமை, திறந்தவெளியில் கித்தாரின் ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்டது. நம் ஊர்த் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி நாலு தெருவின் காதைக் கிழிக்கிறவர்களை ஒருநாள் இங்கே கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டும்.

இடைவேளையில் அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். கருவாடு அவருக்குத் தெரிந்திருந்தது. வீணையைத் தொட்டுக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்தன வருசமாக் கையில வருது, போகுது. வீணை இருக்கிறதப் பாக்கவே இல்ல தம்பி."

ஒன்பதரைக்குக் கிளம்பினேன். எஸ்பிளனேட் நிலையத்தில் ரயில் ஏறி, ப்ரோமனாடில் மாறி, லிட்டில் இந்தியா. அதாவது தேக்கா. இந்த முறை மறக்காமல் தட்டினேன். இரண்டு கறிபாப் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு கடையில் முட்டை பராட்டா, மீன் குழம்பு, தே தாரிக். எல்லாம் சேர்த்து 7 வெள்ளி 50 காசு. அட்டையை நீட்டினால் இயந்திரம் வேலை செய்யவில்லை, ரொக்கம் மட்டும் என்றார் கடைக்காரர். பையைத் துழாவினேன். 2 வெள்ளிகூட இல்லை. நோட்டுதான் இருந்தது.

"ஒரு நிமிஷம் அண்ணே" என்று சொல்லி, எச்சில் தட்டை ஒதுக்கிவிட்டு, மேசையில் நோட்டை விரித்து அவசரமாக ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் எண்ணெய்க் கையோடு நோட்டை வாங்கி, கல்லாவில் போட்டு, மீதியை எண்ணி வைத்தார். தேநீரில் கடைசி வாய் இருக்கும்போது அம்மாவின் குரல் பதிவு வந்தது.

"என்ன மீனுடா அது? ஒண்ணும் தெரியல. பெருசு பண்ணி அனுப்பு."