படத்தில் இருந்த வெள்ளை

ஜூன் 4, யாங்கோன்

நேற்று சாயங்காலம் தம்பிக்கு வலிப்பு. மொகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கிண்ணம் கவிழ்ந்த சத்தம் கேட்டு ஓடினேன். முதலில் இடது கை வெட்டி வெட்டி இழுத்தது, அப்புறம் உடம்பு முழுக்க. எதிர்வீட்டுப் பெரியம்மா அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இரும்புக்கு வலிப்பு நிற்காது, ஆனால் அந்த நேரத்தில் யார் வாதாடுவது? ஒருக்களித்துப் படுக்க வைத்ததுதான் நான் செய்த உருப்படியான காரியம். 5 நிமிடம் தாண்டினாலே ஆபத்து. இவனுக்கு அரை மணி நேரம் ஓடியது. ஊசி போட்டபிறகே அடங்கியது.

ஜூன் 5

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வலது மூளையின் மேற்பரப்பில் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு வெள்ளை. பார்த்தவர் நின்றபடியே "கட்டியா இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா சோற்றைத் தொடவில்லை.

ஜூன் 7

இன்று வேறு டாக்டர், நரம்பியல்காரர். கரண்ட் இல்லை, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வலிப்புக்கு இது காரணமா இருக்கணும்னு இல்லம்மா. வலிப்பு விட்டுப்போன தடமாவும் இருக்கலாம்" என்றார்.

மூளைச் செல்கள் ஓயாமல் துடிக்கும்போது உப்பை வெளியே இறைக்கும் வேலை பின்தங்கிவிடுமாம். தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கும். தண்ணீரின் நகர்வைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகையான டிஃப்யூஷன் படத்தில் அது வெள்ளையாக விழும். பக்கவாதத்திலும் இப்படித்தான் தெரியும், ஆனால் அந்த வெள்ளை பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் ரத்தம் கொடுக்கும் எல்லைக்குள் நிற்கும். இது எல்லை தாண்டியிருந்தது. மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்றுமில்லை. 6 வாரம் கழித்து மறுபடி படம். கட்டியென்றால் இருக்கும், வீக்கமென்றால் வடிந்திருக்கும்.

அந்த 6 வாரத்தைப் பற்றி எழுத மனசில்லை.

ஜூலை 19

வெள்ளை இல்லை! இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நீண்ட வலிப்புக்குப்பின் சிலருக்கு ஹிப்போகாம்பஸ், அதாவது மூளையில் நினைவைக் காக்கும் பகுதி, சுருங்கிப்போகும். இவனுக்கு அதுவும் இல்லை. ஆனால் வலிப்பு ஏன் வந்தது என்பதற்குப் படத்தில் பதில் இல்லை. வலிப்பு மாத்திரை லெவிடிராசிட்டம் காலை, இரவு தொடர வேண்டும்.

"படம் சுத்தமாயிடுச்சே, மாத்திரை எதுக்குக்கா?"

"தடம்தான்டா அழிஞ்சிருக்கு" என்றேன். முறைத்துக்கொண்டே விழுங்கினான்.

ஜூலை 20

அம்மாவுக்கு அனவ்ரஹ்தா சாலை இன்னமும் பழைய பெயரில் பிரேசர் தெருதான். அங்கே காளிக்கு எலுமிச்சை மாலை நேர்ந்திருந்தார். ஆடிக் கூட்டத்தில் நெருக்கியடித்து உள்ளே போனால், பையிலிருந்து படங்களையும் எடுக்கிறார். எதைத் தட்டில் வைக்க என்று குருக்கள் கேட்டார்.

"புதுசை வைங்க சாமி. பழசை அவ பார்க்க வேண்டாம்."