அழைப்பு ஒருவருக்கு, பெட்டி கட்டியது நால்வர்

புதிய சபையைத் தொடங்கப் போகும் போதகர் குடும்பத்தோடு நாமும் போகலாமா என்று ஒரு ஞாயிறு இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, என் கணவர் கேட்டார். அவர் மனதில் அது முடிவாகிவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது. ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மூன்று மாதம் ஜெபித்தேன், பாதி நாள் பயத்தோடுதான். கடைசியில் சரி என்று சொன்னது மனதாரச் சொன்னதுதான். ஆனால் பதின்மூன்று வயது மகளிடமும் ஏழு வயது மகனிடமும் நாங்கள் எதையும் கேட்கவில்லை, போகிறோம் என்று சொல்ல மட்டும் செய்தோம். இரண்டு வருடம் கழித்து யோசிக்கும்போது நாங்கள் செய்த தவறுகளில் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வேலை என்ன என்று பலர் கேட்பார்கள். நாங்கள் போதகர்கள் இல்லை. நான் கணக்காளர், அவரும் வேறொரு வேலையில் இருக்கிறார், இரண்டு பேருமே அதை விடவில்லை. தாய்ச்சபை இரண்டு மூன்று குடும்பங்களைச் சேர்த்து அனுப்பியதற்குக் காரணம் உண்டு. போதகரும் அவர் மனைவியும் மட்டும் போனால், வாடகைக்கு எடுத்த அறையில் நாற்காலி போடுவது, ஒலிபெருக்கியை இணைப்பது, பாடுவது, பிரசங்கம் செய்வது, குழந்தைகளைப் பார்ப்பது, வாசலில் நின்று புதியவர்களை வரவேற்பது எல்லாமே அந்த இருவர் தலையில்தான் விழும். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய் அறுபது நாற்காலி போடுவோம், வருவது பதினைந்து பேர், அதிலும் எட்டுப் பேர் எங்கள் குடும்பங்கள்தான். காலியாக இருக்கும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பிரசங்கம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று முன்வரிசையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. நான்காவது மாதம் நாற்காலியை இருபத்தைந்தாகக் குறைத்தோம், அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அதிகம் போராட்டமாக இருந்தது காணிக்கைக் கணக்கு. ஆரம்பத்தில் சபைக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லை, பணம் ஒருவரின் சொந்தக் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அவர் நேர்மையானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இது கூடாது என்றேன். இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், எண்ணுகிற இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. 'நமக்குள்ளேயே நம்பிக்கை இல்லையா' என்று ஒருவர் மிகவும் வருத்தப்பட்டார். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பற்றி யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்போஸ்தலர் பவுல், தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார், இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை அவரோடு உட்கார்ந்து வாசித்தேன். அந்த மாதமே தனிக் கணக்கு தொடங்கினோம். பிரசங்கம் பண்ணத் தெரியாத எனக்கு இதுவும் ஊழியம்தான் என்று அன்றைக்குத்தான் முழுதாக நம்பினேன்.

வேதத்தில் வரும் தம்பதியான ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் யூதர்களை ரோமை விட்டுப் போகச் சொன்னதால் கொரிந்துக்கு வந்தவர்கள், கூடாரம் பண்ணுகிறது அவர்கள் தொழில், பவுலுக்கும் அதே தொழில் என்பதால் அவரும் அவர்களோடு தங்கி வேலை செய்தார். அப்புறம் அவரோடு எபேசுவுக்குப் போனார்கள், பிறகு ரோமர் நிருபத்தில் மறுபடியும் ரோமில் இருக்கிறார்கள். எபேசுவிலும் ரோமிலும் அவர்கள் வீட்டில் சபை கூடியிருக்கிறது. இந்த இருவரும் செய்த பிரசங்கம் ஒன்றுகூட வேதத்தில் எழுதப்படவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த அப்பொல்லோவைத் தனியே அழைத்து, அவருக்குத் தெரியாததை விளக்கிச் சொன்னார்கள் என்று மட்டும் இருக்கிறது. பெயர் வருகிற இடத்திலெல்லாம் இருவரும் சேர்ந்தேதான் வருகிறார்கள். எனக்கு அது முக்கியமாகத் தெரிகிறது.

இன்னொரு குடும்பத்தையும் நினைப்பேன், வருத்தத்தோடு. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்குப் புறப்பட்டபோது அவர் மனைவி டாரதி முதலில் வரமாட்டேன் என்றார். அப்போது அவர் கர்ப்பிணி. கப்பல் பயணம் தடைப்பட்டுக் கேரி திரும்பி வந்து மறுபடி கேட்டபோது, தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று கைக்குழந்தையோடு கிளம்பினார். அடுத்த வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதற்குப் பிறகு டாரதியின் மனம் சிதைந்தது, 1807-இல் இறக்கும்வரை தேறவே இல்லை. கேரியின் வேத மொழிபெயர்ப்புகளைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். டாரதியைப் பற்றி ஒரே ஒரு முறைதான். எங்கள் கஷ்டத்தை அதோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அவர் கடைசியில் சொன்ன 'சரி' எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தாள். புதிய சபையில் அவள் வயதில் ஒருவரும் இல்லை. ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய் என்று அவளையும் ஒரு வேலையாள் ஆக்கிவிட்டோம், பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் பாராட்டினார்கள், நாங்களும் மகிழ்ந்தோம். எட்டாவது மாதம் ஒரு நாள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, 'அம்மா, எனக்கு யாராவது ஞாயிறு பள்ளி எடுப்பார்களா?' என்று கேட்டாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அன்று இரவு நாங்கள் இருவரும் அவள் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் நிறைய அழுதாள்.

அடுத்த வாரம் இதைப் போதகரிடம் சொன்னோம். அவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை, தன் பிள்ளைகளும் இதையேதான் சொல்லாமல் சுமக்கிறார்களோ என்று கலங்கினார். மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கு எந்த வேலையும் கிடையாது என்று முடிவு செய்தோம். போதகரின் மனைவி வியாழக்கிழமை மாலையில் அவளோடு மட்டும் உட்கார்ந்து வேதம் வாசிக்கத் தொடங்கினார். பழைய சபைத் தோழிகளைப் பார்க்க விடுமுறையில் அவளை அனுப்பினோம். எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை, இன்னும் சில ஞாயிறுகளில் அவள் முகம் வாடியிருக்கும். ஆனால் இப்போது ஏன் என்று எங்களிடம் சொல்கிறாள்.

இப்போது நாற்பது பேர் வருகிறோம். தாய்ச்சபையிலிருந்து இன்னொரு குடும்பம் வேறோர் இடத்துக்குப் போகத் தயாராகிறது. என்னென்ன யோசிக்க வேண்டும் என்று அந்தத் தாய் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். வேலை, வாடகை, பள்ளி, காணிக்கைக் கணக்கு எல்லாம் சொன்னேன். பிறகு, உங்கள் பெரிய மகனிடம் கேட்டீர்களா என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் என் மகளைக் கூப்பிட்டு, அந்தப் பையனோடு பேசுகிறாயா என்று கேட்டேன். தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவள் ஒரு மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.