கத்தி வைப்பதற்கு முன் ஒரு நிமிடம்

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இன்றும் அறுவை சிகிச்சைப் பாதுகாப்பு செக்லிஸ்ட் தாள் கேஸ் முடிந்த பிறகுதான் நிரம்பியது. நோயாளி டிராலியில் ஏறிக்கொண்டிருக்க, யாரோ ஒருவர் 19 கட்டத்திலும் மளமளவென்று டிக் போட்டு ஃபைலில் செருகினார். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் தந்த பட்டியல் அது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என மூன்று முறை எல்லோரும் நின்று, வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நான் வெறும் ஸ்டாஃப் நர்ஸ். ‘நில்லுங்கள்’ என்று யாரிடமும் சொல்ல முடியாது.

ஜூன் 5, வியாழன்

நைட் டூட்டி. கேஸ் இல்லாத நேரத்தில் படித்தது: 2009-ல் வெளியான ஆய்வில், டெல்லி உட்பட 8 நகரங்களில் இந்தப் பட்டியல் வந்தபின் அறுவை சிகிச்சை மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த 2014 ஆய்வில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. அங்கே அது மேலிடத்து உத்தரவாக வந்தது. சர்க்குலரால் டிக் போட வைக்கலாம், பேச வைக்க முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜூன் 11, புதன்

முதலில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாமல் செய்தால் நல்ல காரியமும் வம்பில் முடியும். அடுத்து யூனிட்டின் தலைமை சர்ஜனான சீஃபிடம் போகவில்லை, மயக்க மருந்து தரும் அனஸ்தீசியா மேடத்திடம் போனேன். அவர் தலையாட்டாமல் யாரும் கத்தியை எடுப்பதில்லை.

முழுப் பட்டியலையும் நீட்டாமல் ஒன்றே ஒன்று கேட்டேன்: “மேடம், ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்குப் போட்டதுன்னு சத்தமா சொல்றீங்களா? நான் போர்டுல எழுதிக்கிறேன்.” கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போயிருக்க வேண்டிய மருந்து, சில நாள் காலையிலேயே வார்டில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மேடம் சொன்னார். சீஃப் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

சீனியர் அக்கா நேராகவே கேட்டார், “நீ என்ன, இன்சார்ஜா?”

“இல்லக்கா. அதனாலதான் உங்ககிட்ட வந்து நிக்கிறேன்.”

ரத்தம் ஒற்றும் துணிக்கு எங்கள் பேச்சில் மாப். அந்த மாப் கணக்கு போர்டை அவரிடமே விட்டேன். வயிற்றுக்குள் போகும் ஒவ்வொரு மாப்பும் எண்ணி எழுதப்பட வேண்டும். அந்தக் கண்டிப்பு எங்களில் அவருக்குத்தான் உண்டு. சாயங்காலம் ஒரு பிஜி, அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டர், கணக்கு முடியும் முன்னே தோலைத் தைக்க ஊசி கேட்டார். “இருங்க டாக்டர், எண்ணிக்கிறேன்” என்றார் அக்கா. நான் சொல்லியிருந்தால் அந்த ஊசி நின்றிருக்குமா, சந்தேகம்தான்.

ஜூன் 19, வியாழன்

பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த வரி, எல்லோரும் பெயரும் வேலையும் சொல்ல வேண்டும் என்பது. எங்கள் தியேட்டரில் பெயர் டாக்டர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் சிஸ்டர், அண்ணே, தம்பி, ‘ஏம்பா’.

இன்று மேடம் ஆரம்பித்தார், நான் தொடர்ந்தேன். “கல்யாணத்துக்கா வந்திருக்கோம்?” என்று சிரித்த சீஃபும் தன் பெயரைச் சொன்னார். டிராலி தள்ளும் அண்ணன் முறை வந்ததும் கூச்சத்தோடு சுவரைப் பார்த்தபடி முழுப்பெயரையும் இனிஷியலோடு சொன்னார். இத்தனை வருடமாக அவர் பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அடுத்து, ரத்தம் அதிகம் போகுமா, ஏற்றுவதற்கு ரத்தம் தயாராக இருக்கிறதா என்ற கேள்வி. பிஜி “இருக்கு” என்றார். “இல்லைங்க சார்” என்றார் அண்ணன். “நான்தான் பிளட் பேங்க் போனேன். ரத்தம் சேருதான்னு பாக்குற கிராஸ்மேட்ச் இன்னும் முடியல.” சீஃப் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்த ‘இல்லைங்க சார்’ முன்பெல்லாம் வெளி வராண்டாவில்தான் கேட்கும்.

ஜூலை 8, செவ்வாய்

லீவு முடிந்து வந்ததும் போர்டைத்தான் பார்த்தேன். மாப் கணக்கு இருந்தது, ஆன்டிபயாடிக் நேரம் இருந்தது. பெயர் சொல்வது மட்டும் நின்றுபோயிருக்கிறது, நேரமில்லையாம். மூன்றில் இரண்டு நான் இல்லாமலே ஓடியது எனக்குப் போதும். நாளை யூனிட்டுக்குப் புது பிஜி வருகிறார். அவரிடம் பெயர் கேட்கும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். எனக்கு நாளை கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ் டூட்டி.