மட்டக்குளி ஆட்டுக் கொட்டிலைத் திருத்திய கதை

கொழும்பு மட்டக்குளியில் மாமாவின் ஆட்டுப்பட்டியை நான் பொறுப்பெடுத்த மழைக்காலத்தில் சினை ஆடுகள் அடுத்தடுத்துக் காலம் நிரம்பாமல் குட்டி வீசின. பிறந்த குட்டிகளுக்கும் கழிச்சல். பக்கத்து வீட்டார் கண்ணூறு என்றார்கள். மாமா பூச்சிமருந்து வாங்கிப் பருக்கினார், கழிச்சல் நிற்கவில்லை. மிருக வைத்தியரைக் கூட்டிவந்தேன்.

டொக்டர் ஆடுகளைத் தொடுவதற்கு முன் தவிட்டு மூட்டை அடுக்கியிருந்த மூலைக்குப் போனார். மூட்டைகளுக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருந்தது. சாக்கு மடிப்பில் பூனைப் பீ. "தம்பி, முதல்ல இதுக்கொரு கதவு போடுங்க" என்றார்.

இரத்தப் பரிசோதனையில், குட்டி வீசவைக்கும் புருசெல்லா என்ற பாக்டீரியா இல்லை என்று வந்தது. பூனையால் பரவும் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அது தொற்றுப் பட்டதைத்தான் காட்டும், குட்டி வீசியதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று அவரே சொன்னார். ஆனால் பூனைக் கதையை விடவில்லை. இளம் பூனைக்கு முதல்முறை தொற்றும்போது ஓரிரு கிழமைக்கு அதன் பீயில் இந்த ஒட்டுண்ணியின் முட்டைகள் கோடிக்கணக்கில் வெளியேறுமாம். ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். பிளீச்சிங் பவுடர் அவற்றை ஒன்றும் செய்யாது, கொதிநீர்தான் கொல்லும். வேகாத இறைச்சியிலும் காய்ச்சாத பாலிலும் மனிதருக்கும் வரும். வீட்டில் தங்கச்சி பிள்ளைத்தாச்சி. அன்றிலிருந்து கொட்டில் பக்கம் அவளை விடவில்லை. வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

பூனைகளைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்றார் மாமா. பூனை போனால் எலி வரும். எலியோடு எலிக்காய்ச்சலும் சல்மொனெல்லா கிருமியும் வரும். அதனால் குட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்தோம். தவிடு இறுக்க மூடும் பிளாஸ்டிக் பீப்பாக்களுக்குள் போனது. செலவில் பெரியது அந்தப் பீப்பாக்கள்தான்.

கழிச்சலுக்குப் புழுக்கை பார்க்க வேண்டும் என்றார்கள். நிலத்தில் கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு போனால் ஆய்வுகூடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையுறை விரலை ஆசனவாயில் விட்டு எடுத்து, பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டி, ஐஸ் பெட்டியில் குளிராகக் கொண்டுபோக வேண்டும். உறையவும் கூடாது. சூட்டில் கிடந்தால் புழு முட்டைகள் பொரித்துவிடும், கணக்குப் பிழைக்கும். நுண்ணோக்கியில் காணும் ஒவ்வொரு முட்டையையும் ஒரு கிராம் புழுக்கைக்கு 50 முட்டை என்று கணக்கிடுகிறார்கள்.

முடிவு வந்தது: பெரிய ஆடுகளில் குடற்புழு, குட்டிகளில் கொக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணி. கொக்சிடியாவுக்குப் பூச்சிமருந்து வேலை செய்யாது, மருந்து வேறு. மாமாவின் மருந்து ஏன் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. குடற்புழுவுக்கும் எல்லா ஆட்டுக்கும் ஒரேயடியாக மருந்து பருக்கினால் புழு மருந்துக்குப் பழகிவிடுமாம். கீழ் இமையை இழுத்துப் பார்த்து, உள்பக்கம் வெளிறியதற்கு மட்டும் கொடுக்கச் சொன்னார்.

மற்றதெல்லாம் ஈரத்தோடு சண்டை. கொக்சிடியா முட்டை ஈரத்திலும் சூட்டிலும் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கொழும்பு மழையில் அதற்கு வேறென்ன வேண்டும்? தகரத்தை ஒரு முழம் நீட்டினோம். பலகைத் தட்டுக்குக் கீழே விழும் புழுக்கையை நாளும் கூட்டி அள்ளினோம். தண்ணீர் வாளியைப் புழுக்கை விழாத உயரத்துக்குத் தூக்கினோம். குழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட்டோம். குட்டிகளுக்குத் தனி அறை.

வாசலில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டி வைத்துப் பார்த்தேன். மழைத்தண்ணீர் நிரம்பி, சேறும் புழுக்கையும் கலந்ததும் குளோரின் செத்துவிட்டது. அதைத் தூக்கிவிட்டு, கொட்டிலை விட்டு வெளியே போகாத ஒரு சோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். தொட்டியைவிட இது எவ்வளவோ மேல்.

ஹஜ் பெருநாள் நெருங்கும்போது பட்டி பட்டியாக ஏறி இறங்கும் வியாபாரிகளை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஆட்டை நாங்களே பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். புதிதாக வாங்கும் ஆடு மூன்று கிழமை தனியே நிற்கும்.

அடுத்த பரிசோதனையில் கொக்சிடியா எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது, அடியோடு போகவில்லை. போகாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பால் விஷயத்தில்தான் இன்னும் இழுபறி. பிள்ளையின் மூச்சிழுப்புக்கு ஆட்டுப்பால் பச்சையாகத்தான் வேண்டும் என்று வருகிறார்கள். பொங்கக் காய்ச்சித்தான் தருவோம் என்று சொல்லிவிட்டேன். சில பழைய வாடிக்கைகள் வேறிடம் போய்விட்டன, மாமாவுக்கு அதில் கோபம்.